கல்லும் கட்டிலும்

"ஹலோ... ஆமா, ஓடெல்லாதான். சொல்லுங்க தலைவரே... ஆமா... ஆமாமா, சாயந்திரம் மன்றக் கூட்டம், மறக்கல... என்னது? வரக்கூடாதா? யாரு, நானா?"

ஓடெல்லா சோள ரொட்டி மாவைக் கலக்குவதை நிறுத்தினாள். கவுண்டி என்ற அந்த அமெரிக்க மாவட்டத்தின் தலைவர் ராய்ஸ் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன்தான். ஓடைக் கரையில் குப்பைக் கிடங்கு கொண்டுவரத் துடிக்கிறான். குறுக்கே நிற்பது மன்றத்தில் அவள் போடும் ஒற்றை ஓட்டு.

"சர்வேயர் வந்தாரு, பார்த்தேன்... ஆமா, என் வீட்டு நடுவுல கோடு போட்டுட்டுப் போனாரு. சமையல்கட்டு நம்ம டாலிவர் கவுண்டி, முன்ரூமும் படுக்கையறையும் பக்கத்து ப்ரேலி கவுண்டி. சரி, அதுக்கு?... ஓஹோ! நான் வெளியூர்க்காரி ஆயிட்டேனா! மன்றத்துல எனக்கு இடமில்லையா!... இரு, இரு. நீ பேசினது போதும் ராய்ஸ், இப்ப நான் பேசுறேன்.

"கவுண்டி உண்டானப்ப எல்லைன்னு சட்டத்துல என்ன எழுதினாங்க? ஓடை ஆத்துல கலக்குற இடத்துல நட்ட கல்லுல இருந்து நேர் வடக்கே, மலை முகடு வரைக்கும். சரியா?... ஆமா... அந்தக் கல்லு இப்ப எங்க கிடக்கு? சர்ச்சுக்கு வாசப்படியா கிடக்கு! அதுல வெட்டியிருக்கிற எழுத்தைப் பார்த்துட்டு, அங்கேயே மெஷினை வச்சு அளந்துட்டாரு மனுஷன்... அங்க இழுத்துட்டு வந்தது யாரு? உன் தாத்தா! நல்ல கல்லு சும்மா கிடக்கேன்னு கோவேறு கழுதையைப் பூட்டி... ஏன் இருமுற? ஊருக்கே தெரியும். ஞாயித்துக்கிழமை நீயும் அதை மிதிச்சுத்தானே உள்ள போற! கல்லை எங்க நட்டாங்களோ அதான் எல்லை. கல்லு போற இடமெல்லாம் எல்லையும் பின்னாடியே போகுமா?

"கோர்ட்டுக்குத்தானே? போறேன்... என்ன, வருஷக்கணக்கா இழுக்குமா? அதுவரைக்கும் புதுக் கோடுதானா?"

கிடங்கைக் கட்டிய பிறகு தீர்ப்பு வந்து என்ன பயன்? அக்கம்பக்கத்துக் கிணறுகள் எல்லாம் அந்த ஓடையை நம்பித்தான் இருக்கின்றன.

"ம்... ம்... என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு... வீடு ரெண்டு கவுண்டியில நின்னா, ஆளு எங்க படுத்துத் தூங்குறாங்களோ அந்தக் கவுண்டியா? வக்கீலைக் கேட்டுட்டியா?... பக்கத்துலயே இருக்காரா! நல்லதாப் போச்சு. லைன்லயே இரு."

அவள் படுக்கையறையில் இருந்த கணவனைக் கூப்பிட்டாள்.

"டூயி! எந்திரிப்பா! அந்தக் கட்டிலைப் பிரி... சமையல்கட்டுக்குத்தான்... ஆமா, அடுப்புப் பக்கத்துலதான். மேஜையை வெளிய தள்ளு. இன்னைக்கு மட்டும் இல்ல, இனிமே என்னைக்கும் அங்கதான் படுக்கை... வேர்த்தா வேர்க்கட்டும்!

"ஆங், ராய்ஸ், இருக்கியா?... சத்தம் கேக்குதா? என் கட்டில்தான், டாலிவர் கவுண்டிக்குக் குடிவருது... ஏமாத்து வேலையா? கல்லை நகர்த்தினா சட்டம், கட்டிலை நகர்த்தினா ஏமாத்தா?... நேர்ல வந்து பார்ப்பியா? தாராளமா வா. வக்கீலையும் கூட்டிட்டு வா. ஆனா பின்வாசல் வழியா வரணும். முன்வாசல் ப்ரேலி கவுண்டி. அங்க உன் அதிகாரம் செல்லாது."