ஆளில்லா வீடு

இந்த நாற்காலியின் இடது பின்கால் கால் அங்குலம் குட்டை. உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. குறை சொல்லவில்லை ஐயா, இருபத்தாறு வருடம் நகராட்சியில் சர்வேயராக இருந்தவன் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது. நீங்கள் எழுதிக்கொண்டே வாருங்கள், நான் நிதானமாகச் சொல்கிறேன். அடித்தல் திருத்தல் வேண்டாம் பாருங்கள். என் அளவைப் புத்தகத்தில் இதுவரை ஒரு வரியைக்கூட நான் அடித்து எழுதியதில்லை. ஆபீசில் எனக்கு ‘அழியா மை’ என்று பட்டப்பெயர். கிண்டல்தான், ஆனால் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

நகரத்துக்கு வடக்கே நானூறு வீடுகள் இருக்கின்றன. நகராட்சி அவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள நினைத்தது. அங்கே இருப்பவர்கள், எங்களை விட்டுவிடுங்கள் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். நடுவில் ஒரு துண்டு நிலம், அதைத் தாண்டாமல் நகரம் வடக்கே நகர முடியாது. அந்தத் துண்டில் ஆள் குடியிருந்தால் அவருடைய கையெழுத்து வேண்டும், ஆளில்லை என்றால் வேண்டாம். சட்டம் அவ்வளவுதான். அங்கே இருந்தது ஒரே ஒரு வீடு, அதை ஒட்டி ஒரு லேத்துப் பட்டறை, பின்னால் ஒரு கிணறு. குடியிருந்தவர் என் மனைவியின் அண்ணன், தனிக்கட்டை. நகர எல்லைக்குள் வந்தால் சத்தம் என்று சொல்லிப் பட்டறையை மூடிவிடுவார்கள், அதனால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

நான் அளக்கப் போன அன்று வீடு பூட்டிக் கிடந்தது. மச்சான் கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அது எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனதே என் மனைவிதான். ஆனால் எங்கள் வேலையில் தெரிந்ததை எழுதக்கூடாது, கண்டதைத்தான் எழுத வேண்டும். கண்டதை எழுதினேன்: ஆளில்லா வீடு.

எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை. கோர்ட்டும், நேரில் போய்ப் பார்த்து வாருங்கள் என்று ஓர் ஆணையரை நியமித்தது. எங்கள் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, ஒரு வரி திருத்திக் கொடுத்துவிடு, யார் தலையும் போகாது என்றார். யார் தலையும் போகாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நேராக மச்சான் வீட்டுக்குப் போனேன். ஒரே ஒரு வாரம் எங்கள் வீட்டில் வந்து தங்குங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

“ஆளே இல்லன்னு எழுதிட்டீங்களாமே மாப்பிள்ளை. அப்ப இந்த டீயை உங்களுக்குப் போட்டுக் குடுத்தது யாரு, பேயா?” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவர்மேல் எனக்கு மனக்கசப்பே கிடையாது. நான் டைபாய்டில் படுத்தபோது பதினோரு நாள் கட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவர் அவர். அந்த நன்றி எனக்கு இன்றும் இருக்கிறது.

வந்ததற்குப் பின்பக்க எல்லையையும் ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்றேன். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே பின்னால் நடக்கச் சொன்னேன். ஒரு கண்ணில் இன்னும் கட்டு இருந்தது. கிணற்றின் கைப்பிடிச் சுவர் எப்போதோ இடிந்துபோயிருந்தது. சொந்த வீட்டுக் கிணறு அவருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும்தான். ஆனால் சர்வேயர் பின்னால் போ என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டேப் தொய்ந்துவிடக் கூடாதே என்பதில்தான் கவனமெல்லாம். இது அனுபவத்தில் சொல்கிறேன்.

“போதுமா மாப்பிள்ளை?”

“இன்னும் ஓர் அடி மச்சான்.”

நான் டேப்பை விடவில்லை, அது அரசாங்கச் சொத்து. அது ஓடி நின்றதும் தரையில் கிடந்த தூரத்தைக் கழித்துப் பார்த்தேன், முப்பத்தெட்டு அடி. பழைய வரைபடத்தில் கிணற்றின் ஆழம் முப்பத்தைந்து என்று போட்டிருக்கிறார்கள். என்ன பொறுப்பில்லாத வேலை.

வேறு ஊரில் பெரிய கண் டாக்டரைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று மனைவியிடம் சொன்னேன். தன்னிடம் சொல்லாமல் அண்ணன் எங்கேயும் போக மாட்டார் என்றாள். இரண்டு நாள் அழுதாள். பிறகு மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு, அண்ணன் வரும்வரை அந்த வீட்டிலேயே இருக்கிறேன் என்று போய்விட்டாள். ஆணையர் வருவது வியாழக்கிழமை. அன்று ஒரு நாளாவது நம் வீட்டுக்கு வந்துவிடு என்று எவ்வளவோ சொன்னேன்.

“நான் இருக்கிற வீட்டை எப்படிங்க ஆளில்லா வீடுன்னு சொல்லுவீங்க?” என்றாள்.

நியாயமான கேள்வி.

வியாழக்கிழமை ஆணையர் வந்தார், வீடு பூட்டியிருந்தது. ஆளில்லா வீடு என்று அவரும் எழுதினார், என் வார்த்தையையே. தீர்ப்பு நகராட்சிப் பக்கம் வந்தது. மனைவி எங்கே என்று கேட்டவர்களிடம், அண்ணனைத் தேடிப் போயிருக்கிறாள் என்றேன். நகர எல்லைக்குள் திறந்த கிணறு இருக்கக்கூடாது என்று விதி. அதற்கு மூடி போடத்தான் எங்கள் நகராட்சி ஆட்கள் போன வாரம் போனார்கள். என் வரைபடத்தைப் பார்த்து நேராகக் கிணற்றடிக்கே போய்விட்டார்களாம். எல்லை மாறாமல் இருந்திருந்தால் இந்த வழக்கு உங்கள் ஸ்டேஷனுக்கே வந்திருக்காது ஐயா.

உங்கள் எழுத்தர் அறிக்கையை வாசித்துக் காட்டினார். நல்ல கையெழுத்து. ஆனால் கிணற்றிலிருந்து ஒரு சடலம் எடுக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட முடியாது. இன்னொரு தடவை இறங்கி, அடியில் சேற்றைக் கிளறிப் பார்க்கச் சொல்லுங்கள். புதன்கிழமை சாயங்காலம் டேப்பின் மறுமுனையைப் பிடித்தது அவள்தான். ஏன் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. இருவரையும் நான் விரலால்கூடத் தொடவில்லை, அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.