முப்பது போலத் தெரியும் இருபத்தெட்டு

நான் இதுவரை டிராக்டர் ஓட்டியதில்லை, மேடம். மயிலாப்பூரில் அதற்கு இடமும் கிடையாது. சித்திரக்குளத்தருகே ஒரு ஸ்கூட்டரை நிறுத்துவதற்கே மூன்று பேரிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கிறது. ஆனால் டன்வில் டிராக்டரைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்த ஆள் இந்த ஊரில் இல்லை. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் சுந்தரராமன். வயது அறுபத்தெட்டு. ஈக்காட்டுத்தாங்கலில் இருந்த டன்வில் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் உதிரிபாகப் பட்டியல் தயாரித்தேன். எந்த போல்ட் எந்த மாடலுக்கு என்று எழுதி வைக்கிற வேலை. எங்கள் பெண்ணின் பிறந்த நாளை என்னிடம் கேட்டுப் பயனில்லை என்பது என் மனைவி சூடாமணிக்குத் தெரியும். கிளட்ச் பிளேட் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

முதலில் வந்தது டன்வில் 28. பிறகு வந்தது 30. நடுவே பதினான்கு மாதம் இரண்டையும் ஒரே கூடத்தில் பாகம் பாகமாகப் பூட்டித் தயாரித்தார்கள். குளறுபடி அங்கேதான். 28-க்கு விளக்கு முன்னால் இருக்கும், 30-க்கு மட்கார்டில். 28-இன் முகப்புக் கம்பிகள் படுத்திருக்கும், 30-இல் நிற்கும். இதையெல்லாம் பார்த்து மாடல் சொல்கிறவன் அரைகுறை. 28-இன் பானெட் தீர்ந்துபோன சமயத்தில் ஒரு மேனேஜர், வாயில் வெற்றிலையோடு, "எதையாவது மாட்டி அனுப்புங்கய்யா" என்று சொல்லிவிட்டார். 30-இன் மூஞ்சியையும் பெயரையும் மாட்டிக்கொண்டு அப்படி வெளியே போன 28-கள் அறுபத்து மூன்று.

அசல் வித்தியாசம் உள்ளே இருக்கிறது. கியர் நியூட்ரலில் இல்லாவிட்டால் 30 ஸ்டார்ட் ஆகாது. 28-க்கு அந்த நல்லொழுக்கம் கிடையாது. கியரில் இருந்தாலும் பட்டனை அழுத்தினால் கிளம்பும். கிளம்பும் என்றால், நகரும்.

கோட்டூர்புரம் ஸ்ரீகிருஷ்ணாவுக்கு வயது நாற்பத்து நான்கு. சாஃப்ட்வேர் கம்பெனியை விற்றுவிட்டு, பொழுது போகாமல் பழைய டிராக்டர்களை வாங்கி ஆற்றோர வீட்டுத் தோட்டத்தில் நிறுத்தி வைத்தார். உழுவதற்கு அங்கே புல்தரைதான் உண்டு. இருநூறு பேர் கொண்ட பழைய டிராக்டர் வாட்ஸப் குழுவுக்கும் அவரே தலைவர். அவர் கடைசியாக வாங்கிய வண்டியை 30 என்று குழுவில் படம் போட்டிருந்தார். படத்தில் தெரிந்த எஞ்சின் நம்பரைப் படித்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்தது, அது அறுபத்து மூன்றில் ஒன்று. பதினான்கு பக்கத்தில் ஒரு விளக்கம் தட்டச்சு செய்து அனுப்பினேன். நாலு நாள் வேலை. அவர் பதில் அனுப்பினார்: "மாமா, ரெண்டும் ஒண்ணுதான். பெயின்ட்தான் வேற." கீழே வரிசையாகச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள். எண்ணினேன். நாற்பத்தொன்று.

எனக்கு அவமானமாக இருந்தது. மாமா என்றதைப் பொறுத்துக்கொள்ளலாம். ரெண்டும் ஒண்ணுதான் என்றால் நான் முப்பத்தொரு வருஷம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஆகிறது, மேடம்.

அவருடைய மெக்கானிக் முருகையன் கண்ணகி நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவன். அவனுக்கு உண்மை தெரியும். "முப்பது போர்டு மேல கீது சார், உள்ள எல்லாம் இருபத்தெட்டு. சொன்னா, நீ ஸ்பேனரைப் புடின்றாரு," என்று என்னிடம் சொன்னான். அந்த வீட்டில் விஷயம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, வண்டியைக் காட்டுவதற்கென்று ஒரு விருந்து. மினி இட்லி நன்றாக இருந்தது. முருகையன் வண்டியைத் துடைத்து, நியூட்ரலில் விட்டு, கை கழுவப் போனான். நியூட்ரலில்தான் விட்டான், இதை எழுதிக்கொள்ளுங்கள். ஸ்ரீகிருஷ்ணா எல்லார் முன்னிலையிலும், "மாமா, நீங்களே ஏறிப் பார்த்துச் சொல்லிடுங்கோ," என்றார். மொபைல்கள் எல்லாம் என் முகத்தைப் படமெடுத்தன, கையை யாரும் பார்க்கவில்லை. ஏறினேன். இருக்கையில் உட்கார்ந்தால் கியர் கம்பி தானாகக் கைக்கு வரும். நல்ல வடிவமைப்பு. முதல் கியரில் போட்டுவிட்டு இறங்கினேன். "நீங்க சொன்னதுதான் சரி, இது முப்பதுதான்," என்றேன். என்னைக் கட்டிக்கொண்டார். சென்ட் வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டது.

அவர் எப்போதும் தரையில் நின்று, பின்சக்கரத்துக்கு முன்னால் முதுகைச் சாய்த்து, கையை மட்டும் நீட்டிப் பட்டனை அழுத்துவார். படத்துக்கு அழகாக இருக்கும். 30-ஆக இருந்தால் அதில் ஆபத்தில்லை. அன்றைக்கும் அப்படித்தான் அழுத்தினார். வண்டி அவர் மேல் ஏறி, மதில் வரை போய் முட்டி நின்றது. முருகையன் ஓடி வந்து எஞ்சினை அணைத்தான். அதனால் அவன்தான் கடைசியாகத் தொட்டவன் என்று எல்லாரும் சொன்னார்கள். சும்மா ஏறி இறங்கிய மாமாவை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் சொன்னது உண்மையாக இருந்திருந்தால் அவருக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. பட்டனை அழுத்தியிருப்பார், வண்டி சும்மா நின்றிருக்கும், நான் அத்தனை பேர் முன்னால் மூக்குடைபட்டிருப்பேன். அதற்கும் தயாராகத்தான் போனேன். இதைவிட நியாயமாக ஒருவர் நடந்துகொள்ள முடியுமா?

முருகையன் உள்ளே போய் ஒன்பது நாளாகிறது. நேற்று அவன் மனைவி தேவானை என் வீட்டுக்கு வந்தாள். "வண்டிய கியர்ல வுட்டுட்டுப் போற ஆளு இல்ல சார் அவரு. ஜாமீன் எடுக்கக்கூட ஆளு இல்ல. இன்னா எழுதிக்கிறாங்கன்னு பட்ச்சு சொல்லு சார்," என்று உங்கள் முதல் தகவல் அறிக்கையின் நகலை நீட்டினாள். சூடாமணி அவளுக்குக் காபி கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பாவம்னா, காபியைக்கூடத் தொடலை அவ. ஏதாவது பண்ணுங்கோ."

படித்தேன். அஜாக்கிரதை, மரணம், குற்றம் சாட்டப்பட்டவர் பெயர் முருகையன். எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆறாவது வரிக்கு வந்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். "இதில் பெரிய தப்பு இருக்கிறது. நாளைக்கே ஸ்டேஷனுக்குப் போய்ச் சரி செய்கிறேன்," என்றேன். அந்தப் பெண் என் காலில் விழுந்தாள்.

ஆமாம், கியரைப் போட்டது நான்தான். கொல்வதற்காகவே போட்டேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். முருகையனை எப்போது விடுவது என்பது உங்கள் வசதி, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் விபத்துக்குள்ளான வாகனம் டன்வில் 30 என்று எழுதியிருக்கிறீர்களே மேடம், அதை மட்டும் என் கண் முன்னால் இப்போதே அடித்துத் திருத்திவிடுங்கள்.