பன்னிரண்டு மில்லிமீட்டர்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் உயரம் என்று உங்களிடம் சொல்லலாமா வேண்டாமா என்றுதான் இவ்வளவு நேரம் மனசுக்குள் யோசித்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. இடது பின்கால். தப்பாக நினைக்காதீர்கள், தொழில்புத்தி. ஒரு கால் கொஞ்சம் உயர்ந்துவிட்டால் பாரமெல்லாம் அந்தக் காலிலும் அதற்கு எதிர்மூலைக் காலிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். மற்ற இரண்டும் பேருக்குத் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கிற வரை ஒன்றும் தெரியாது. சட்டென்று திரும்பினால் தெரியும்.

விற்பனைக்கு வருவதற்கு முன்னால் கார்களை ஓட்டிச் சோதித்துப் பார்ப்பது எங்கள் வேலை. அவர் ஓட்டுவார், நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பேன். ஒன்பது வருஷம் இப்படித்தான் போனது. பட்டறையில் அவருக்கு ரசமட்டம் என்று பேர். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்ப்பாரே, அந்த ரசமட்டம். வண்டி நூல் அளவு சாய்ந்திருந்தாலும் அவர் முதுகு சொல்லிவிடும். கருவிகள் காட்டும் எண்கள் அவர் சொன்னதற்கு ஆமாம் போடத்தான் பின்னால் வரும்.

எனக்கு அவர் வைத்த பேர் ஊமைக்கோட்டான். காரணம் உண்டு. எங்கள் வேலையில் ஒரு விதி இருக்கிறது. வண்டியில் என்ன மாற்றியிருக்கிறோம் என்று ஓட்டுபவருக்குச் சொல்லக் கூடாது. தெரிந்துவிட்டால் முதுகு உணர்வதற்குள் மூளை முந்திக்கொண்டு மதிப்பெண் போட்டுவிடும். அதனால் மாற்றுவது நான், உணர்வது அவர், சோதனை முடிந்த பிறகுதான் பேச்சு.

"இந்த ஊமைக்கோட்டான் வாயில இருந்து ஒரு வார்த்தையப் பிடுங்கிட முடியுமா?" என்பார் மெக்கானிக்குகளிடம். "வீட்லயாவது பேசுவாளா?"

வீட்டில் பேச ஆள் இல்லை என்று நான் சொன்னதில்லை. அம்மா போன பிறகு ஒரே ஒரு தட்டைத்தான் கழுவுகிறேன். விடுமுறை நாளில் சாயங்காலம் தொண்டையைக் கனைத்தால் என் குரலே யாரோ கூப்பிடுவது போலக் கேட்கும். அதையெல்லாம் ஒருவரிடம் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. வண்டிக்குள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் ஒருவர் பக்கத்தில் இருந்தார். அது போதுமாக இருந்தது.

கடைசியாக வந்தது இரண்டு மின்சாரக் கார்கள். அச்சு அசல் ஒரே மாதிரி; அடியில் அதே கனத்த பேட்டரி. ஒன்றின் கீழே சுருள்வில், மற்றதின் கீழே காற்றுப்பை. வளைவிலும் திருப்பத்திலும் எது சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எட்டு வாரம் கொடுத்தார்கள். ஆறாவது வாரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஸ்பிரிங் வண்டி சண்டைக்காரன் மாதிரிம்மா. உள்ளத மூஞ்சிக்கு நேரா சொல்லிடுது. காத்து வண்டி சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி. சிரிச்சிக்கிட்டே இருக்கு, மனசுல என்ன இருக்குன்னு திரும்பும்போதுதான் தெரியுது."

நான் எழுதிக்கொண்டேன். சிரிக்கவும் செய்தேன். அதே மூச்சில் அவர் சொன்னார்: "இத எழுதிக் குடுத்துட்டு நான் கிளம்புறேன். வேற ஊர்ல ஓட்டக் கத்துக்குடுக்கிற வேலை கெடச்சிருக்கு. ஒடம்பும் கேக்குது. இனிமே நீதான் ராணி, புது ஆளப் போட்டு வாட்டு."

அன்று வீட்டுக்குப் போய்த் தட்டைக் கழுவினேன். மறுநாள் காலை காற்று வண்டியின் உயர அளவியில், அதுதான் எந்தப் பைக்கு எவ்வளவு காற்று என்று சொல்வது, ஒரு எண்ணை மாற்றினேன். இடது பின்சக்கரத்தின் பக்கம் நான்கு மில்லிமீட்டர் உயரம். நாலு மூலையும் சமமாகத்தான் நிற்கிறது என்று வண்டியே நம்பும். சுருள்வில்லில் இதெல்லாம் செய்ய முடியாது. அது இரும்பு, பொய் சொல்லத் தெரியாது.

எனக்கு வேண்டியதெல்லாம் இன்னும் கொஞ்ச நாள். அவர் மதிப்பெண்கள் குழம்பினால் சோதனையை நீட்டிப்பார்கள். நீட்டித்தார்கள். அப்புறம் ஏழு மில்லிமீட்டர் வைத்தேன். ஒரு நாள் எட்டு மதிப்பெண் போட்ட அதே திருப்பத்துக்கு மறுநாள் ஐந்து போட்டார். வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"என் முதுகு பொய் சொல்லுது போலம்மா. வயசாயிடுச்சு. நெசமாவே நீ எதையும் தொடலயா?"

சொல்லக் கூடாது என்பது விதி. நான் சொல்லவில்லை. "நல்லாத் தூங்குங்க, இன்னொரு வாரம் பாக்கலாம்" என்றேன். அவர் தலையாட்டினார். அந்த வாரம் முழுக்க அவர் என்னிடம் தன் அப்பாவைப் பற்றியும், பிரிந்துபோன மனைவியைப் பற்றியும், காரணமில்லாமல் வரும் பயங்களைப் பற்றியும் பேசினார். ஒன்பது வருஷத்தில் பேசாததை அந்த ஆறு நாளில் பேசினார். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வாரம் வந்ததில்லை.

சனிக்கிழமை வந்தவர் முடிவாகச் சொல்லிவிட்டார். "ஸ்பிரிங்தான்னு எழுதிடு. எனக்கு இதுக்கு மேல தெம்பு இல்ல. இன்னிக்கிக் கடைசி ஓட்டம்."

அதனால் பன்னிரண்டு வைத்தேன்.

பன்னிரண்டு வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதைக் கணக்குப் போடத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். நட்டுவைத்த கூம்புகளுக்கு நடுவே வண்டி இடப்பக்கம் வெட்டிப் போனபோது அழகாகத்தான் போனது. வலப்பக்கம் திரும்பி வரும்போது பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொண்டது. தடுப்புச்சுவர் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. அவ்வளவு தூரம் போகாது என்று நினைத்தேன்.

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்கு மட்டும் ஏன் வண்டியை விட்டு இறங்கி நின்றாய் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். தரை ஈரமாக இருந்தது. வேறு காரணமில்லை.

அவருக்கு இடுப்புக்குக் கீழே இப்போது உணர்ச்சியில்லை. வேறு ஊருக்குப் போகவில்லை. இங்கேயே தங்கை வீட்டு முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறார்கள். தங்கைக்குக் காலை ஷிப்ட். அதனால் நான் போகிறேன். துடைத்துவிட்டு, சட்டை மாற்றி, தலை வாரிவிடுவேன். "கூடப் பொறந்த நான்கூட இப்படிப் பாக்க மாட்டேன்க்கா" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அவர் முதுகு குலுங்கக் கூடாது என்று காற்றுப்பை வைத்த பழைய கார் ஒன்று வாங்கினேன். தினமும் ஒரு சுற்று. நான் ஓட்டுகிறேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். உயர அளவியைச் சரிபார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். அதில் நான் கவனக்குறைவாக இருந்ததே இல்லை.

பெரும்பாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் வருவார். வண்டியைக் கவனிக்கிறார் என்று எனக்குத் தெரியும். திரும்புவதற்குள் ஒரு தடவை கேட்பார், தினமும்: "அன்னிக்கு ஏதாவது மாத்தினியா? இல்ல, என் முதுகுதான் பொய் சொல்லிச்சா?"

இவ்வளவுதான். கணினியில் இருக்கும் பதிவும் நான் சொன்னதும் ஒத்துப்போகும். நான்கு, ஏழு, பன்னிரண்டு. மூன்றும் நான் வைத்தது. தெரிந்தே வைத்தது. வாக்குமூலத்தில் எங்கெங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

என்ன சொன்னீர்கள்?

நீங்கள் போய்ச் சொல்லியும் அவர் நம்பவில்லையா? "அவ அப்படிச் செய்ய மாட்டா, இருந்தா அவளே வந்து சொல்லட்டும்" என்றாரா? அப்படித்தான் சொல்வார். வெளியே வண்டி தயாராக இருக்கிறது, பத்து நிமிஷம்தான், ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனுஷனுக்குத் தன் முதுகின் மேல் நம்பிக்கையாவது திரும்பும் என்கிறீர்கள். புரிகிறது. நீங்கள் நல்லவர்.

ஆனால் அது மட்டும் முடியாது. உங்களிடம் சொல்லலாம்; நீங்கள் ஓட்டுபவர் இல்லை. அவரிடம் சொல்லக் கூடாது. சோதனை இன்னும் முடியவில்லை.