ஒரு துளியும் குறையாமல்

“எந்தக் காதுல கேட்டீங்க அத்தான், வலதா, இடதா?” என்று நான் கேட்டது உண்மைதான். அதில் அவமரியாதை எதுவும் இல்லை. நான் பதிவு செய்த பாட்டுகளையெல்லாம் தகர டப்பா என்று உறவுக்காரர்கள் முன்னால் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் பார்வை விற்பவர், பீற்றிக்கொள்வது என்னவோ காதைப் பற்றி.

போன வருடம் புது பிளேயர் வாங்கினார். அவருடைய பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தவை வேவ் ஃபைல்கள், பதிவு செய்தபடியே சுருக்காத ஒலி. பிளேயருக்கு ஃபிளாக் வேண்டும், அதாவது ஒலி குறையாமல் சுருக்கி வைக்கும் ஃபைல். “ஒரு துளி கொறையாம மாத்திக் குடு மச்சான்” என்றார். ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்கு அதுதான் வேலை. வேவிலிருந்து நேராக ஃபிளாக்குக்குப் போனால் உண்மையிலேயே ஒன்றும் குறையாது.

நான் நேராகப் போகவில்லை. நடுவில் எம்பி3 ஆக்கினேன், இருப்பதிலேயே மெலிந்த எம்பி3. காதுக்குத் தேவையில்லை என்று கணினி நினைப்பதெல்லாம் அதில் உதிர்ந்துவிடும். பிறகு அதை ஃபிளாக் ஆக்கினேன். உதிர்ந்தது திரும்பாது. ஒரு டம்ளர் தண்ணீரை அண்டாவில் ஊற்றிக் கொடுத்த மாதிரி.

அத்தான் கண்ணை மூடிக் கேட்டார். பாடகர் மூச்சு இழுப்பதுகூட இப்போதுதான் தெரிகிறதாம். நான் தலையாட்டினேன். ஒரு மாதம் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பழைய டிஸ்கை அழித்ததும் நான்தான். ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார் என்பதற்காக அல்ல. எனக்குச் சுத்தம் பிடிக்கும்.

அதில் ‘அவள்’ என்று ஒரு ஃபோல்டர் இருந்ததே என்கிறீர்கள். இருந்தது. தொண்டை ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அக்கா பேசியது, நாற்பது நிமிடம். அதற்குப் பிறகு அக்கா பேசுவதெல்லாம் நோட்டில்தான். நான் முழுவதும் கேட்டேன். சின்ன வயதில் ஒல்லியாக இருந்த எனக்கு அக்கா வைத்த பெயர் சீசா. அதுவும் ஓரிடத்தில் வந்தது. அந்த ஃபோல்டரையும் சேர்த்தே மாற்றினேன். ஒன்றை மட்டும் விலக்கி வைத்தால் சோதனை நியாயமாக இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தான் அதைப் போட்டார். பத்து நொடிகூட ஆகவில்லை. நிறுத்திவிட்டார்.

“இது அவ சொல்ற ‘ச’ இல்லடா. அவ சொன்னா ஓரத்துல ஒரு காத்து வரும். அது எங்க?”

இரண்டாயிரம் பாட்டில் பிடிபடாதது ஓர் எழுத்தில் பிடிபட்டது. நல்ல காதுதான், நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிளேயர் திரையில் ‘இழப்பற்றது’ என்றுதான் இருந்தது. விரலை வைத்துக் காட்டினேன். அதை எழுதியது நானில்லை.

அக்கா எதுவோ எழுதி, நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

“சீசா, பழைய டிஸ்க் உன்கிட்டதானே இருக்கு? எடுத்துட்டு வாடா.”