ஞாயிற்றுக்கிழமை வண்டி

ஐயா, முதலில் அந்த வண்டியின் மேல் ஒரு தார்ப்பாயைப் போடச் சொல்லுங்கள். ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிறீர்கள். காக்கை எச்சம் அந்தப் பெயின்ட்டை ஒரே நாளில் தின்றுவிடும். பதினோரு பூச்சு, ஒவ்வொன்றும் தண்ணீர்விட்டுத் தேய்த்துக் காயவைத்துப் பூசியது. வலது முன்பக்கம்தான் நசுங்கியிருக்கிறது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது, உள்ளே வரும்போது பார்த்தேன்.

என் பெயர் ஜெபக்குமார். ஊர் சாத்தான்குளம் பக்கம். வீரபாண்டியில் குமாரசாமி முதலாளியின் பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக நிட்டிங் மெஷின் மெக்கானிக். வண்டி அவருடைய மகன் முருகவேலுடையது. இத்தாலியில் 1966இல் செய்தது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை. காலையில் ஒரு நாட்டில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு இன்னொரு நாட்டில் போய் இறங்குகிறவர்களுக்காகச் செய்த வண்டி என்பார் முருகவேல். அவர் கண்டெடுத்தபோது அது ஒரு பழைய மில் பங்களாவில், எஞ்சின் இல்லாமல், கோழி அடைக்கும் கூண்டாக இருந்தது.

வெளிநாட்டில் இப்படிப்பட்ட வண்டிகளின் தோற்றத்தைத் தொடாமல், உள்ளே இந்தக் காலத்து எஞ்சினும் பிரேக்கும் வைத்துப் புதிதாகச் செய்கிறார்களாம். ஒரு பத்திரிகையில் வந்த அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு, 2003இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஷெட்டுக்கு வந்தார்.

"ஜெபண்ணா, நாமளே பண்ணிப்போடலாமுங்களா?"

"தம்பி, நான் துணி பின்னுத மெஷினுக்காரன்."

"ரெண்டாயிரம் ஊசில எது ஒடஞ்சதுன்னு காதுல கேட்டே சொல்றீங்க. இதுல நாலே பிஸ்டன்தானுங்ணா."

நான்கு வருடம் ஆனது. ஞாயிறு ஞாயிறாக நான்கு வருடம். கோயிலுக்குப் போவதை விட்டேன். ஃபாதர் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டார், பிறகு அவரும் விட்டுவிட்டார். கவிழ்ந்துபோன ஒரு ஜப்பான் காரின் எஞ்சினை இறக்கினோம். ஐந்து கியர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். மரத்தாலான ஸ்டியரிங்கை மட்டும் மாற்றவில்லை. இடப்பக்க இருக்கையின் நுரையை என் முதுகை அளந்து வெட்டினேன். சோதனை ஓட்டத்தில் நான்தானே அங்கே உட்காரப்போகிறேன்.

அது எப்படி ஓடும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லவேண்டும். அந்தக் காலத்து வண்டிகள் வளைவில் ஓட்டுகிறவரோடு மல்லுக்கு நிற்கும். இது கேட்டதைச் செய்தது. உட்காருமிடம் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், வளைவில் நீண்ட மூக்கு முதலில் திரும்பும். அரை நொடி கழித்து நாம் அதன் பின்னால் திரும்புவோம். வண்டி ஒன்றை முடிவுசெய்துவிட்டு நம்மைக் கூப்பிடுவதுபோல இருக்கும். முதல் நாள் சேவூர் தாண்டும்வரை அவர் ஓட்டினார். பிறகு அவர் ஓரமாக நிறுத்திச் சாவியை என் கையில் வைத்தார்.

"ஓட்டுங்ணா. உங்க வண்டி."

விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார்.

முடிந்த வண்டிக்கு மெக்கானிக் எதற்கு? மூன்று ஞாயிறு அவர் வரவில்லை. நான்காவது வாரம் வண்டி ஏதோ வேலையாகக் கம்பெனிக்கு வந்தபோது, எர்த் ஒயரை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சிரித்துக்கொண்டே வந்தார். "உங்களப் பாக்காம இதுக்கு இருக்க முடியலீங்ணா." சரிசெய்து, அவிநாசிவரை ஓட்டிப் பார்த்து, டீ குடித்துத் திரும்பினோம். அடுத்து ஒரு பிளக். அடுத்து ரேடியேட்டர் குழாய். எல்லாம் சேர்த்துப் பதினொன்று இருக்கும். எதுவும் ஆபத்தானது இல்லை. அந்த விஷயத்தில் நான் கவனமாக இருந்தேன்.

போன தை மாதம் அவருக்குக் கல்யாணம் ஆனது. சண்முகப்பிரியா நல்ல பெண். என் முதுகுக்கு வெட்டிய இருக்கையில் சௌகரியமாகவே உட்கார்ந்துகொண்டாள். இருவரும் கோயமுத்தூருக்குக் குடிபோவதாக இருந்தது. அதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்த்துத் தரச்சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவந்தார்.

"அங்கயே பெரிய ஒர்க்‌ஷாப் இருக்குதுங்ணா. இனிமே உங்க ஞாயித்துக்கெழமையக் கெடுக்க மாட்டேன்."

அன்பாகத்தான் சொன்னார்.

பிரேக் ஆயில் டப்பாவில் ஊசி எண்ணெய் இருந்ததைக் கண்டுபிடித்தது நீங்கள்தான். யாரோ பாட்டில் மாற்றி ஊற்றிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். எல்லாக் கம்பெனியிலும் எல்லா எண்ணெயும் பழைய தண்ணீர் பாட்டிலில்தான் இருக்கும். நிட்டிங் மெஷின் ஊசிக்கு விடும் எண்ணெய், துணியில் கறை விழாதபடி, தண்ணீர்போல வெள்ளையாக இருக்கும். ஆனால் பன்னிரண்டு வருடம் அதில் கை நனைத்தவனுக்கு வாசனையே போதும். அது பட்டால் பிரேக் ரப்பர் ஊறிப் பருத்துவிடும் என்பதும் தெரியும். முன்பே ஒரு ரப்பரை அதில் போட்டுவைத்துப் பார்த்திருக்கிறேன். மூன்று நாளில் பிரேக் பிடித்தபடி நின்றுவிடும், ஓடாத வண்டி கோயமுத்தூர் போகாது என்று நினைத்தேன்.

புதன்கிழமை பகல் பதினொரு மணிக்குச் சேவூரிலிருந்து போன் செய்தார்.

"ஜெபண்ணா, பிரேக் விடவே மாட்டேங்குது. முன்சக்கரம் கொதிக்குது. இங்க ஒரு மெக்கானிக் நிக்கறாரு, பாக்கச் சொல்லட்டுங்களா?"

"ஒண்ணுமில்ல தம்பி. அரை மணி நேரம் ஆற வைங்க. பொறவு மெல்லமா இங்க கொண்டாங்க. வேற எவனும் அதுல கை வைக்கப்பிடாது."

"சரிங்ணா. நானும் பிரியாவும் வந்தர்றோம். மூணு டீ சொல்லி வைங்க."

அவ்வளவு கொதித்த பிரேக் ஆறிய பிறகு மிதித்தால், பெடல் தரைவரை போகும். அடியில் ஒன்றும் இருக்காது. அதுவும் எனக்குத் தெரியும். போனைக் கையில் பிடித்திருந்தபோதே தெரியும்.

அவிநாசியில் நெடுஞ்சாலையைக் கடக்கிற இடத்தில் வண்டி நிற்கவில்லை. லாரியைப் பார்த்ததும் அவர் இடப்பக்கம் ஒடித்திருக்கிறார். மூக்கு முதலில் திரும்பியிருக்கிறது. அடி முழுக்க அவர் பக்கம் விழுந்தது, அங்கேயே போய்விட்டார். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் கட்டுப்போட்ட கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அந்த மெக்கானிக்கிட்டக் காட்டலாமுன்னு நான் சொன்னனுங்ணா. 'ஜெபண்ணனே சொல்லிப்போட்டாரு, அப்பறம் என்ன பயம்'னு சொல்லித்தான் வண்டிய எடுத்தாருங்க." அதைக் கேட்ட பிறகுதான் இங்கே வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். ஊற்றியது நான். தெரிந்து ஊற்றினேன். தெரிந்தே வரச் சொன்னேன். ஆனால் யாரையும் கொல்ல நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் வரவேண்டும், அது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. வேண்டுமானால் கம்பெனி எதிரே டீக்கடை கிட்டுசாமியைக் கேட்டுப்பாருங்கள். போனை வைத்ததும் நேராக அங்கே போய், தம்பி வருகிறார் என்று சொல்லி, அவருக்கும் எனக்குமாக இரண்டு டீ சொல்லிவைத்தேன்.