வெள்ள நெறம் தெரியக் கூடாது

இல்லீங்கண்ணா, புது வாட்ச்சு வாணாம். இதே வாட்ச்சுதான். இந்த ஸ்டீல் செயினுக்குத் தங்க முலாம் பூசிக் குடுங்க, போதும். உள்ள இருக்கற மெஷின கழட்டி வெச்சிட்டு, சுத்தி இருக்கற வட்டத்துக்கும் பூசிடுங்க. கண்ணிக்கு நடுவுல கூட வெள்ள நெறம் தெரியக் கூடாது. பாத்தா வேற வாட்ச்சுன்னு நெனக்கணும்.

ஆமா, ஆசைக்குதான். எங்கூட்டுக்காரரு கேட்டாரு. வெற்றிவேலுன்னு, கச்சிராயபாளையத்துல கரும்பு டிராக்டர் ஓட்றாரு.

அவரு வர்லீங்க. படுத்துக்கினு இருக்காரு. தூங்கறப்ப கழட்டியாந்தேன். இல்ல, கேட்டாருதாங்க... எனக்குச் சரியா பேச வராதுண்ணா. அஞ்சாவதோட நின்னுட்டேன். கடைக்கெல்லாம் அவருதான் வருவாரு.

ஸ்டீல்ல நேரா புடிக்காதா? மொதல்ல வேற பூச்சு குடுக்கணுமா? குடுங்க. நாளைக்கா? ஐயோ, நாளைக்கு வாணாண்ணா! இங்கியே ஓரமா குந்திக்கினு இருக்கேன். பாப்பாவும் தூங்குது, தொந்தரவு பண்ணாது.

யாரு அது உள்ள வர்றது? ஒண்ணுமில்ல, எங்கூரு ஆளோன்னு பாத்தேன்.

இது புடிக்கலன்னா கழட்டி பொட்டியில போட்டுட்டா போவுதா? அது முடியாதுண்ணா. கல்யாணத்துல எங்கப்பா மாப்ளைக்குப் போட்டது. சீருன்னு வந்தது இது ஒண்ணுதான். கையில இல்லன்னா எங்க மாமியா, உங்கப்பன் போட்டதையும் வித்துத் தின்னுட்டியாடின்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தும். அப்புறம் ஊரே வாட்ச்சு எங்கன்னு கேக்கும். கேக்கக் கூடாதுண்ணா. அதே வாட்ச்சுக்கு ஆசைக்கு முலாம் பூசினோம்னா எங்கூட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

இன்னாண்ணா அப்டி பாக்கறீங்க? போனு எதுக்கு எடுக்கறீங்க?

அந்த வீடியோவா. நீங்களும் பாத்தீங்களா... டீக்கடை கேமராவுல வந்தது. மூஞ்சி தெரியல இல்ல? ஸ்டேரிங் புடிச்ச கைதான் தெரியுது. கையில வெள்ளையா மின்னுது. போலீசு ஊரு ஊரா போய் டிராக்டர் ஓட்றவங்க கையப் பாத்துக்கினு இருக்காங்களாம்.

வாட்ச்ச கீழ வெச்சிராதீங்கண்ணா, ஒங்க கால்ல வேணா விழறேன். வேணும்னு இடிக்கலண்ணா. சைக்கிள்ள ஆளு வந்தது தெரியலியாம். எறங்கிப் பாக்க பயந்துட்டாரு. வூட்டுக்கு வந்து சோறு கூட தொடாம படுத்தவருதான், இன்னும் எழுந்திரிக்கல.

நேத்து பாப்பாவுக்கு ஊசி போடணும்னு பொய் சொல்லிட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அந்தாளுக்கு உசுரு இருக்குதான்னு பாக்கதான். கண்ணு தொறக்கல. அந்தாளு பொண்டாட்டி வெளிய வராண்டாவுல குந்திக்கினு இருந்தா. என் வயசுதாங்க இருக்கும். நானும் யாரையோ பாக்க வந்திருக்கேன்னு நெனச்சிக்கினா. பாப்பா அழுவுதுன்னு வாங்கி மடியில போட்டுக்கினு, அவளுக்குன்னு யாரோ வாங்கியாந்த பன்ன பிச்சி டீயில தொட்டு ஊட்னா. ஊட்டிக்கினே, இடிச்சவன் வெள்ள வாட்ச்சு கட்டியிருந்தானாம் அக்கா, எங்கனா பாத்தா எனக்குச் சொல்லுன்னா.

சரிம்மா சொல்றேன்னு சொல்லிட்டு, பாப்பாவ வாங்கிக்கினு வந்துட்டேண்ணா.