பிராதில் இல்லாத பூட்டு

வக்கீல் மேனகா: ...சந்த மறிச்சுட்டாருன்னு பிராதுல இருக்கு. எப்படி மறிச்சாருன்னு ஒரு வரி இல்லையே, ராமலிங்கம் அண்ணா?

ராமலிங்கம்: உழவர்கரையில யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, மேடம்.

மேனகா: ஜட்ஜு உங்க தெருவுல குடியில்லையே! அதான் கீழ்க்கோர்ட்டு, 'இதுல வழக்கே இல்ல'ன்னு தள்ளிடுச்சு. எழுதினதே போதும்னு அப்பீல்ல நான் எப்படிப் பேசுறது?

தனக்கொடி: அத்தினி பக்கம் எழுதிக்கீது. போதாதாம்மா?

மேனகா: பக்கத்து வீட்டு பிரேம்குமாரோட யோக்கியதைதான்க்கா பக்கம் பக்கமா இருக்கு. பொதுச் சந்துல இரும்பு கேட்டு போட்டாருன்னு மட்டும் சொல்லியிருக்கு. 'கேட்டுதானே, தொறந்துக்கிட்டுப் போங்க'ன்னு கேப்பாங்க.

தனக்கொடி: தொறக்கறதா! பூட்டில்ல தொங்குது! மழையில நனையாம துணி வேற சுத்தி... என் இட்லி வண்டி கொல்லையிலயே துருப்புடிக்குது. ரெட்டியார்பாளையத்துல என் எடத்துல எவளோ அடுப்பு வச்சுட்டா. வயிறு எரியுதும்மா.

மேனகா: இதச் சேர்த்துடலாம்! 'பிரேம்குமார் பூட்டினார்'னு பிராதத் திருத்த மனு போட்டா...

ராமலிங்கம்: அது மட்டும் வேணாம் மேடம்.

தனக்கொடி: ஏன்? ஊருக்கெல்லாம் ஞாயம் பேசுற வாயி, இங்க இன்னா ஆச்சு?

ராமலிங்கம்: நீ சும்மா இருடி.

மேனகா: அண்ணா... பிரேம்குமாரோட பைக்கும் உள்ள மாட்டிக்கிச்சாம். பூட்ட வெட்ட ஆள் கூட்டியாந்தாராம். சந்துல எதையும் தொடக் கூடாதுன்னு அப்பீல்ல நாம வாங்கின தடைய நீங்க காட்டி நிறுத்தினீங்களாமே?

தனக்கொடி: அவரு பூட்டுக்கு அவருகிட்ட சாவி இல்லியா?

மேனகா: அதத்தான் நானும் கேக்குறேன். சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும்ணா. யாரு பூட்டினது?

ராமலிங்கம்: ...கேட்டப் பாத்ததும் ரத்தம் கொதிச்சுடுச்சு. நீயே உள்ள கெடடான்னு... நான்தான்.

தனக்கொடி: அடப்பாவி! என் பொழப்புல மண்ணப் போட்டது நீயா? எடு சாவிய!

ராமலிங்கம்: கடல்ல வீசிட்டேன்.

மேனகா: அய்யோ... அப்ப அவரு வெட்ட வந்தன்னிக்காவது பேசாம விட்டிருக்கலாமேண்ணா?

ராமலிங்கம்: எப்படி விடுறது மேடம்? துணிய அவுத்திருப்பான். கல்யாணத்துல மாமனார் சீரா குடுத்த பித்தளைப் பூட்டு அது... குடம், குத்துவிளக்கு மாதிரியே அதுலயும் 'தனக்கொடி'ன்னு பேரு வெட்டிக்கீது.